புதுத்தெருவின் ரிஸ்க்

பாளையங்கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் புதுத்தெருவில் கிணற்றுத் தண்ணீர் திடீரென்று இனிக்க ஆரம்பித்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. அதுவரை அது பருப்பு வேகாத உப்புத் தண்ணீர். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும், ஆனால் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அப்படிப்பட்ட தெருவில் கிணறு தானாக இனித்தால் யார்தான் கோபப்படுவார்கள்? தாமிரபரணியே பூமிக்கு அடியில் நம்மைத் தேடி வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் வேறு வேலை இல்லாதவர் என்றாலும் நாலு பேர் நம்பினார்கள்.

நம்பாதவள் சித்தி ஜனாபா ஒருத்திதான். வாளியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இது இனிப்பு இல்ல. கம்பெனி வாசம்" என்றாள்.

கம்பெனி என்பது தெருவின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் செந்தூர்பாண்டி அண்ணாச்சி நடத்திவந்த 'பசுங்காற்றுப் பராமரிப்பு நிலையம்'. ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் பல்சக்கரங்கள் கிரீஸ் பிடித்துக் கன்னங்கரேல் என்று லாரியில் வரும். பெரிய தொட்டியில் இருக்கும் கிரீஸ் எடுக்கிற மருந்தில் முக்கியதும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று திரும்பிப் போகும். அழுக்கான மருந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது பின்சுவரோரம் தோண்டியிருந்த குழிக்குப் போனது. குழியிலிருந்து எங்கே போனது என்பதைத்தான் ஜனாபாவின் மூக்கு சொன்னது. அந்த மருந்து உடம்புக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று கம்பெனியில் வேலை பார்த்த ஒருவன் டீக்கடையில் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து வேலை பார்க்காதவன் ஆனான்.

ஜனாபாவுக்கு அவசரம் இருந்தது. ஏர்வாடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஷம்ஸியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வராவிட்டால் சம்பந்தியம்மாள் ஜமீலா பீவி ஏர்வாடி முழுக்கத் தண்டோரா போடுவாள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். பிள்ளைத்தாய்ச்சி குளிக்க, துணி அலச, பிறந்ததைக் குளிப்பாட்ட எத்தனை கேன் வாங்குவது? ஆகவே அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இந்தத் தண்ணீரை மகள் புழங்கலாமா, கூடாதா?

அந்தக் கேள்வியோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு மாடியில் 'நச்சுக் கரைப்பான் புற்றுநோய் இடர் மதிப்பீட்டுச் சிறப்புப் பிரிவு' இருந்தது. பெயர்ப்பலகை ஆபீஸை விட நீளம். எழுத்தர் எபனேசர் பெயரைக் கேட்டார்.

"சித்தி ஜனாபா."

"யாருக்குச் சித்தி?"

"யாருக்கும் சித்தி இல்ல. பேரே அதுதான்."

எபனேசர் உறவுமுறை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, நிம்மதியாக உள்ளே அனுப்பினார்.

பிரிவின் தலைவர் முனைவர் அப்பாத்துரை நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்துத்தான் பேசுவார், அதனால் எழுந்து வருவதற்கு நேரம் ஆகும்.

"புழங்குதல் என்ற சொல் எங்கள் விதிமுறையில் இல்லை அம்மா. அருந்துதல் மட்டும் உண்டு" என்றார்.

"சரி சார், அருந்தலாமா?"

"அருந்தலாமா என்பது அறிவியல் கேள்வி அல்ல. அருந்தினால் என்ன ஆகும் என்பதுதான் அறிவியல். அந்தக் கிரீஸ் எடுக்கிற மருந்து டிரைகுளோரோஎத்திலீனாக இருந்தால் புற்றுநோய் வரலாம். வராமலும் இருக்கலாம். எழுபது வருடம் அருந்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பார்க்காமலே முடிவுக்கு வந்தால் அதற்குப் பெயர் வதந்தி."

"எம் மவளுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் சார் இருக்கு."

"அதற்குள் இடைக்கால அறிக்கை தந்துவிடுவோம்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். "ஒன்று மட்டும். மதிப்பீடு முடியும்வரை தெருவில் யாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடாதீர்கள். கணக்கு கெட்டுவிடும்."

சொன்னபடியே குழு ஜீப்பில் வந்து இறங்கியது. கையில் பாட்டில், குழாய் எதுவும் இல்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த எடைமேடை ஒன்றை நாலு பேர் தூக்கி வந்தார்கள். தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டாமா என்று ஜனாபா கேட்டாள். தண்ணீர் கடைசிக் கட்டம், முதலில் மனிதர் என்று அப்பாத்துரை விளக்கினார். கேட்க மனிதாபிமானமாக இருந்தது.

விஷயம் என்னவென்றால், பிரிவின் சூத்திரத்துக்கு ஒரு சராசரி மனிதர் வேண்டும். அவர் எழுபது கிலோ இருக்கவேண்டும். நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கவேண்டும். இதுவரை அந்த மனிதர் காகிதத்தில் மட்டும் இருந்துவந்தார். காகிதத்தில் இருப்பவர் எந்தத் தண்ணீரையும் குடித்து எந்த நோயும் வராமல் வாழ்ந்ததால் மேலிடம் சந்தேகப்பட்டு, நிஜமாகவே ஓர் ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தது.

தெருவே வரிசையில் நின்றது. ஒருவர் அறுபத்திரண்டு, தள்ளு. ஒருவர் தொண்ணூறு, தள்ளு. ஜனாபா ஏறியபோது முள் நாற்பத்தாறில் நின்றது.

"நீங்கள் கணக்கில் வரமாட்டீர்கள் அம்மா. உங்களுக்குக் கவலை வேண்டாம்" என்றார் அப்பாத்துரை.

"கணக்குல வராட்டா நோயும் வராதா சார்?"

"கணக்கில் வராது."

"எம் மவ? வயித்துப் பிள்ளைக்காரி."

அப்பாத்துரை சூத்திரத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். "கர்ப்பிணி என்றால் ஒருவரா இருவரா என்று முடிவாகவில்லை. முடிவாகும்வரை அவர்களைச் சேர்ப்பதில்லை" என்றார்.

கடைசியில், சந்தை முக்கில் செருப்புக் கடை வைத்திருக்கும் காஜா முகைதீன் மேடையில் ஏறினார். அவர் ஜனாபாவின் கணவர். முள் சரியாக எழுபதில் நின்றது. குழுவினர் கைதட்டினார்கள். சரிபார்ப்பதற்காகத் தொப்பியைக் கழற்றச் சொன்னதும் முள் ஒரு மயிரிழை இறங்கியது. உடனே தொப்பியை மாட்டச் சொல்லி, இனி எப்போதும் கழற்றக்கூடாது என்று ஆணை பிறப்பித்தார்கள். மாலை போட்டு, சால்வை போர்த்தி, அவரைப் 'புதுத்தெருவின் சராசரி மனிதர்' என்று அறிவித்தார்கள்.

காஜா முகைதீனை வாழ்க்கையில் யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தெருவில் அவர் சராசரி பாய். கடையில் பேரம் பேசுகிறவர்களிடம், "சராசரிகிட்டயே பேரம் பேசுதியளே" என்று சிரிப்பார். எடை கூடக்கூடாது என்பதால் கல்யாண வீட்டில் பிரியாணியை அளந்து சாப்பிட்டார். காலையிலும் மாலையிலும் ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி நின்று குடித்தார். அது கேன் தண்ணீர் என்பது அவருக்கே தெரியாது. ஜனாபா பாட்டிலில் இருந்ததை மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிட்டு மாற்றி வைத்துவிடுவாள். மல்லிகை பிறகு பட்டுப்போனது. செடி எழுபது கிலோ இல்லாததால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த கட்டம் மக்கள் கருத்து. முதல் நாள் எபனேசர் வீடு வீடாகப் போய், "தங்கள் இடர் எவ்வளவு என்று கருதுகிறீர்கள்?" என்று கேட்டார். காதில் இடம் என்று விழுந்ததால், ரெண்டு சென்டு, பட்டா இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று ஆளுக்கொரு வழக்கைச் சொன்னார்கள். இதைக் கேட்ட அப்பாத்துரை, மக்களிடம் மக்கள் மொழியில் பேசவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். மறுநாளிலிருந்து இடர் என்பது ரிஸ்க் ஆனது.

புதுத்தெருவில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. அரபியிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல். ஒவ்வொரு உயிருக்கும் அல்லாஹ் அளந்து வைத்திருக்கும் உணவு, தண்ணீர், வருமானம், எல்லாம் சேர்ந்துதான் ரிஸ்க். சினிமா பார்க்கிற பையன்களுக்கு இன்னொரு ரிஸ்க்கும் தெரியும். ஆனால் பகல் பதினோரு மணிக்குப் பையன்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள்? பெண்கள்தான் இருந்தார்கள். எபனேசர் முதலில் ஜனாபாவின் கதவைத் தட்டினார்.

"அம்மா, உங்களுக்கு ரிஸ்க் இருக்கிறதா?"

இந்த ஆபீசர்கள் இவ்வளவு மார்க்கப் பற்றுள்ளவர்களா என்று ஜனாபாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். இருக்கு தம்பி."

"அதிகமா, குறைவா?"

"முன்ன கம்மியாத்தான் இருந்திச்சு. இப்ப ரெண்டு வருசமா கூடியிருக்கு."

இரண்டு வருடம் முன்புதான் கம்பெனி வந்தது. எபனேசர் பேனாவை அழுத்திப் பிடித்தார். "கூடியதற்கு யார் காரணம்?"

"அல்லாஹ்தான். வேற யாரு?"

இயற்கைக் காரணம் என்று எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. "இந்த ரிஸ்க்கைக் குறைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று விரும்புகிறீர்களா?"

ஜனாபாவின் முகம் மாறிவிட்டது. "வாயக் கழுவும் வே! கொடுத்த ரிஸ்க்கக் குறைக்கணும்னு எவளாவது கேப்பாளா? இன்னும் கூட்டித் தான்னுதான் அஞ்சு நேரமும் கையேந்துதோம். போவும் அங்கன!"

தெரு முழுக்க இதே பதில். ஒரு வீட்டில் மட்டும் விளக்குமாறும் சேர்ந்து வந்தது.

இடைக்கால அறிக்கையைக் கல்யாண மண்டபத்தில் வாசித்தார்கள். மேடையில் ஏழு நாற்காலி. நடுவில் அப்பாத்துரை, ஒரு பக்கம் குழுவினர், இன்னொரு பக்கம் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. அண்ணாச்சிதான் மண்டபத்துக்கும் வடைக்கும் பொறுப்பு. சராசரி மனிதருக்கு முன்வரிசையில் தனி நாற்காலி போட்டிருந்தார்கள்.

அப்பாத்துரை தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, சாதாரணமாக மக்கள் அறிவியலுக்கு அஞ்சுவார்கள். புதுத்தெரு மக்கள் அஞ்சவில்லை. தங்களுக்கு ரிஸ்க் இருப்பதை ஒருமனதாக ஒப்புக்கொண்டுள்ளனர். அது இறைவன் செயல், யாரையும் குறைசொல்வதற்கில்லை என்றும் கூறியுள்ளனர். அதைக் குறைப்பதைக் கடுமையாக எதிர்த்துள்ளனர். இன்னும் அதிக ரிஸ்க் வேண்டுமென்று நாளொன்றுக்கு ஐந்து முறை பிரார்த்திக்கின்றனர். என் முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு முன்மாதிரித் தெருவைக் கண்டதில்லை. எங்கள் கணக்குப்படி இந்தத் தண்ணீரால் பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் வரும். இந்தத் தெருவில் பத்து லட்சம் பேர் இல்லை. ஆகவே அந்த ஒருவர் இங்கே இருக்க வாய்ப்பில்லை. மக்களின் ஆர்வத்தைக் கருதி, கம்பெனிக்கு இரண்டாவது தொட்டி வைக்க அனுமதி அளிக்கலாம் என்று பரிந்துரைக்கிறோம்."

செந்தூர்பாண்டி அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். "உங்க பிரியத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேனோ" என்றார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

ஜனாபா கணவரின் பக்கம் குனிந்தாள். "என்னங்க இது? ரிஸ்க்கக் கூட்டுததுக்கு இவிய யாரு?"

சராசரி பாய்க்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அவிய கேட்டது நம்ம ரிஸ்க்கு இல்ல புள்ள. இங்கிலீஷ் ரிஸ்க்கு. ஆபத்துன்னு அர்த்தம்" என்றார் மெதுவாக. தோளில் இருந்த சால்வையை எடுத்து மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

ஜனாபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வாரமாக அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதிலாக இரண்டாவது தொட்டி வந்திருக்கிறது. எழுந்து புதுத்தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய தட்டு, தட்டில் ஏழு டம்ளர் நன்னாரி சர்பத். மேடையேறி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"வெயில்ல வந்திருக்கிய. குடிங்க."

வடை தின்ற வாய்கள் ஆவலாக டம்ளரைத் தூக்கின.

"நம்ம கிணத்துத் தண்ணியிலதான் கலக்குனேன்" என்றாள் ஜனாபா.

ஏழு டம்ளரும் ஏழு உதடுகளுக்கும் பக்கத்தில் அப்படியே நின்றன. செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குச் சர்க்கரை இருப்பது நினைவு வந்தது. ஒருவருக்குப் பல்லில் கூச்சம். ஒருவருக்கு நன்னாரி ஒத்துக்கொள்ளாது. இன்னொருவருக்கு அவசரமாகப் போன் வந்தது, மணி அடிக்காமலே. எபனேசர் டம்ளரையும் தன் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாத்துரை தமக்கு இன்று உபவாசம் என்றார். அவர் மீசையில் வடைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"பத்து லட்சத்துல ஒருத்தர்னு சொன்னியளே சார்" என்றாள் ஜனாபா. "இங்கன ஏழு பேர்ல ஏழு பேரும் குடிக்கலியே. இது எந்தக் கணக்கு?"

அவள் ஒரு டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"கேன் தண்ணிதான் சார். உங்களுக்கு ஏதும் ஆகணும்னு நான் நெனைப்பேனா? எனக்கு ஒரு பதிலு வேணும். இப்பக் கெடச்சிட்டு."

மண்டபத்தில் எழுந்த சிரிப்பு கால்வாய் வரைக்கும் கேட்டிருக்கும். கூட்ட நடவடிக்கையில் மட்டும், சர்பத் வழங்கப்பட்டது என்றும் குழுவினர் எவருக்கும் தாகம் இல்லை என்றும் பதிவானது.

அன்றைக்கே ஜனாபா மகளுக்குப் போன் போட்டாள்.

"நீ இங்க வர வேண்டாம்மா. நான் அங்கன வாறேன்."

"உம்மா, தலைப்பிரசவம்லா? மாமி என்ன சொல்லுவாவ?"

"சொன்னா சொல்லட்டும். கேட்டுக்கிடுதேன்."

மகளை அழைத்துவரப் போகவேண்டிய தாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டில் தங்கப் போவது லேசான காரியம் இல்லை. பஸ்ஸில் நாங்குநேரி தாண்டும்வரை அழுதுகொண்டே போனாள். ஜமீலா பீவி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்து, "உங்க ஊர்ல வீடு இல்லையோ?" என்றாள். ஜனாபா நடந்ததைச் சொன்னாள். சர்பத் கட்டம் வந்ததும் ஜமீலா பீவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பாயை விரித்துப் போட்டாள்.

புதுத்தெருப் பெண்கள் கிணற்றைப் பலகை போட்டு மூடி, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். குடிக்கவும் குளிக்கவும் குழாய்த் தண்ணீருக்காகக் கால்கடுக்க நின்றார்கள். இதை அறிந்த பிரிவு அவசரமாகக் கூடியது. அருந்துவது பூஜ்யம், எனவே ரிஸ்க் பூஜ்யம், எனவே கம்பெனியின் தொட்டிகளுக்குத் தடையில்லை என்று அப்பாத்துரை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டி உடனே பதில் போட்டது. ரிஸ்க்கைப் பூஜ்யமாக்கிய முதல் பிரிவு இதுதான். வேலை முடிந்துவிட்டதால் பிரிவு கலைக்கப்படுகிறது. ஜீப்பை ஒப்படைக்கவும்.

ஜீப் என்ற சொல்லைப் படித்ததும் அப்பாத்துரைக்கு வியர்த்துவிட்டது. பூஜ்யம் என்பது தட்டச்சுப் பிழை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். புதுத்தெருவில் மிகச் சிறிய, ஆனால் நிரந்தரமான ரிஸ்க் இருப்பதாக இரண்டாம் தீர்மானம். கிணற்று மூடியைத் திறந்து, சராசரி மனிதரை மறுபடி குடிக்க வைக்கவேண்டும் என்று மூன்றாவது. பேரனைப் பார்க்க ஏர்வாடி போய்விட்ட அவரைக் கூட்டிவர எபனேசரை அனுப்பினார்கள்.

எபனேசர் வந்தபோது பேரன் ஜனாபாவின் மடியில் கையை முறுக்கிக்கொண்டு தூங்கினான். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் காஜா முகைதீன் நன்றாகப் பூரித்திருந்தார். தொப்பியில்லாமலே எண்பதைத் தொடுவார். அவரைப் பார்த்ததுமே தாம் வந்த காரியம் கெட்டது என்று எபனேசருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்த விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"கொஞ்சம் மனசு வையுங்கம்மா. கிணத்தத் திறக்கலன்னா எங்க ஆபீசை மூடிருவாவ. எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு."

ஜனாபாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"அப்ப ரிஸ்க்குன்னா அல்லா அளந்த சோறுன்னு நான் அன்னைக்கு நெனைச்சதுல தப்பே இல்ல தம்பி" என்றாள். "எங்களுக்கு இங்கிலீஷ் ரிஸ்க்கு இருக்கிற வரைக்குந்தான் உங்களுக்கு அரபு ரிஸ்க்கு."

எபனேசர் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திருப்பிச் சட்டைப் பையில் சொருகினார்.

ஷம்ஸியா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டார்.